சத்தம் வராத லேப்டாப்

மார்ச் 24, திங்கள்

தயாளனின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. கம்பெனி லேப்டாப்பை ஏப்ரல் நான்காம் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டுமாம். உங்கள் துயரத்தில் நாங்களும் பங்கு கொள்கிறோம் என்று ஒரு வரி. அடுத்த வரியிலேயே சார்ஜர், மௌஸ், தோள்பை என்று பட்டியல். தோள்பையைக்கூட விடவில்லை.

ஆகவே புதிதாக ஒன்று வாங்க வேண்டும். மதியம் முழுக்க உட்கார்ந்து படித்ததில் புரிந்ததை எழுதி வைக்கிறேன். இப்போதெல்லாம் எதுவும் மண்டையில் நிற்பதில்லை.

சாதாரண லேப்டாப்பில், திரையில் படம் காட்டுகிற வேலையையும் பிராசசரே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும். கடிதம் அடிக்க, சினிமா பார்க்க அது போதும். விளையாட்டு என்றால் திணறும். தனியாக கிராபிக்ஸ் கார்டு வைத்தது திணறாது, ஆனால் கனம், சூடு. தயாளனுடையது பம்பு டிசைன் போடுவதற்காகக் கம்பெனி கொடுத்தது, பெரிய கார்டு. எனக்கு அவ்வளவு வேண்டாம். எப்போதாவது விளையாடத்தான். எப்போதாவது என்றால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, இருபது நிமிடம்.

ரேம் பதினாறு வேண்டும். எட்டு போதாது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

"உனக்கு எதுக்கு இப்ப அது?" என்று அத்தை கேட்டார். ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கப் போகிறேன் என்றேன். எம்.எஸ்சி. படித்தது இந்தப் பொய்க்காவது உதவியது. மகன் போய் நாற்பது நாள்தான் ஆகிறது, அவரிடம் பொய் சொல்கிறேன்.

மார்ச் 25, செவ்வாய்

காலையில் பொட்டு வைக்க மறந்துவிட்டேன். ஆதிரைதான் கவனித்தாள். "அம்மா, நெத்தி காலியா இருக்கு." ஓடிப் போய் ஒட்டிக்கொண்டு வந்தேன். அவளுடைய ஸ்கூல் வேன் தெருமுனை திரும்பியதும் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினேன். ஒரு மாதமாக இப்படித்தான். மூன்றே முக்காலுக்கு வேன் சத்தம் கேட்டால் மறுபடி நெற்றிக்கு. தாலி எங்கே என்று ஒருநாள் கேட்டாள். பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்றேன். தயாளனின் படம் என் அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால் மாலையோடு இருக்கிறது. பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு அத்தை அலமாரியைத் திறந்து விளக்கு காட்டுகிறார்.

ஆதிரைக்கு ஏழு வயது. அப்பா புனேயில் வேலையாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை இதை. பிப்ரவரியில் போத்தனூர் அக்கா வீட்டுக்கு அவளை அழைத்துப் போயிருந்தேன். அங்கே பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது, இவளுக்கும் வந்துவிட்டது. வேப்பிலைப் படுக்கையில் அவளோடு நான் இருந்தேன். தயாளன் கம்பெனி வேலையாகப் புனே போயிருந்தார். பதினொன்றாம் தேதி ராத்திரி கெஸ்ட் ஹவுஸில் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. முப்பத்தாறு வயது. மாரடைப்பு என்றார்கள். கோபிக்கு, அவர்களுடைய ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நான் மட்டும் போனேன்.

அம்மை போட்ட வீட்டில் எழவுச் சேதி சொல்லக் கூடாது. எழவு வீட்டு ஆள் அந்த வாசலை மிதிக்கவும் கூடாது. அத்தை சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான். மூன்று தண்ணீர் ஊற்றி முடியட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். அக்கா சாவுக்கு வரவில்லை. நான் பன்னிரண்டு நாள் என் பிள்ளையைப் பார்க்கவில்லை. மூன்று தண்ணீரும் ஊற்றியாயிற்று. நான் சொல்வேன் என்று அக்கா இருந்தாள். அத்தை சொல்வார் என்று நான் இருந்தேன். "தாய்க்காரி இருக்கயில நான் எப்படிச் சொல்லுவேன்" என்றார் அத்தை.

இப்போது பக்கத்து வீடு, வேன் டிரைவர், வகுப்பு டீச்சர் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். எல்லோரும் நன்றாக நடிக்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை தவறவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 27, வியாழன்

தனி கார்டு வைத்த எல்லாவற்றிலும் விசிறிச் சத்தம் அதிகம் என்று எழுதியிருக்கிறார்கள். இது ஒத்துவராது.

மார்ச் 29, சனி

மூன்று மாதம் வாசற்படி தாண்டக் கூடாது என்பது அத்தையின் கணக்கு. பேங்கில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு காந்திபுரம் போனேன். ஆதிரையை அக்கா வந்து அழைத்துப் போயிருந்தாள்.

கடையில் ஜெரோம் என்பவர் காட்டினார். இருபத்தைந்து வயது இருக்கும், ஓயாத வாய்.

"யாருக்குங்க்கா? காலேஜ் போறவங்களுக்கா?"

"எனக்குத்தான்."

"கேமிங் உண்டுங்களா?"

"எப்பவாச்சும்."

எந்த விளையாட்டு என்று கேட்டார். சொன்னேன். "அட, ஊரு கட்டறதுங்களா! எங்கக்கா பொண்ணு அதுலயேதான் கெடக்குது. அதுக்கு நாலு ஜிபி கார்டே தாராளம்க்கா. ஆறு, எட்டெல்லாம் துப்பாக்கி சுடறவங்களுக்கு. நீங்க யாரையும் சுடப் போறதில்லல்ல?"

மூன்று லேப்டாப்பை வரிசையாக எடுத்து வைத்தார். முதலாவதன் கீபோர்டைத் தட்டினதும் நீலம், சிவப்பு, பச்சை என்று வெளிச்சம் அலையடித்தது.

"இத அணைக்க முடியுமா?"

"ஏனுங்க்கா, பாதிப் பேரு இதுக்குன்னே வாங்கறாங்க."

"சுத்தமா அணையணும். கதவுக்குக் கீழ வெளிச்சம் தெரியக் கூடாது."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எதையோ அழுத்தி அணைத்துக் காட்டினார்.

விசிறிச் சத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டேன். கடையில் ஏசி இரைச்சலும் பாட்டும். இங்கே எப்படிச் சொல்வது என்று தலையைச் சொறிந்தவர், திடீரென்று மூன்றையும் அடுக்கித் தூக்கிக்கொண்டு பின்னால் இருந்த சரக்கு அறைக்குப் போனார். ஒவ்வொன்றிலும் விளையாட்டை ஓடவிட்டுக் கதவைச் சாத்தினோம். அவரும் நானும் வெளியே நின்று கதவில் காதை வைத்தோம். முதலாவது மிக்சி மாதிரி இரைந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் ஒன்றும் கேட்கவில்லை. நான் மறுபடியும் வைத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. பார்க்க அழகாக இல்லை, கறுப்பு, ஒரு அலங்காரமும் கிடையாது. கீபோர்டும் பஞ்சு போல அமுங்குகிறது, டக் டக் என்று அடிக்காது.

"இதான்" என்றேன்.

"இவ்ளோ ரகசியமா ஆடணுமாக்கா? வீட்டுக்காரருக்குத் தெரியாமலா?" என்று சிரித்தார்.

"ஆமா" என்றேன். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்புவார்கள். காசு அக்கா கொடுத்தது.

மார்ச் 30, ஞாயிறு

யாரும் படிக்காத நோட்டில்கூட இதைச் சுற்றி வளைத்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவும் மகளும் சேர்ந்து அந்த விளையாட்டில் ஒரு ஊர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் தன் டேப்லெட்டில், அவர் லேப்டாப்பில். கோழிப் பண்ணை, வாய்க்கால், இரண்டு வீடு, நூறு படி வைத்த ஒரு கோபுரம். அவர் வெளியூர் போனாலும் ஆறு மணிக்கு இரண்டு பேரும் உள்ளே வந்துவிடுவார்கள். அவருடைய பொம்மைக்கு நீலக் கட்டம் போட்ட சட்டை. இரண்டு முறை குதித்தால் 'ஆமாம்'. மூன்று முறை என்றால் 'மாட்டேன்'. போகும்போது பொம்மையைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுத்தான் மூட வேண்டும் என்பது அவர்களுக்குள் சட்டம்.

கோபியில் எழவு வீட்டில் இருந்தபோது அக்கா போன் செய்தாள். "வினோ, புள்ள மூணு நாளா ஆறு மணிக்கு டேப்பத் தொறந்து வெச்சுட்டுக் காத்துக்கிட்டிருக்குது. அப்பா வரல வரலன்னு அழுவுது. அம்மை போட்ட ஒடம்பு, அழுதா எரியுதுங்கறா. நான் என்னடி பண்ணட்டும்?"

தயாளனின் பை என்னிடம்தான் இருந்தது. நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் போய், கதவைச் சாத்தி, போனிலிருந்து நெட் எடுத்து, லேப்டாப்பைத் திறந்தேன். உள்ளே நுழைய எதுவும் கேட்கவில்லை, அவரை அதற்குத் தெரியும். வெளியே பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நீலச் சட்டை எழுந்து வெளியே போய் இரண்டு முறை குதித்தது. ஆதிரையின் பொம்மை எங்கிருந்தோ ஓடிவந்து சுற்றிச் சுற்றி வந்தது.

ஒரே ஒரு நாள் என்றுதான் நினைத்தேன்.

அன்றிலிருந்து நாற்பத்தைந்து நாள். அவள் ஹாலில் டேப்போடு உட்காருவாள். நான் படுக்கையறையில், தாழ்ப்பாள் போட்டு. அம்மா ஆறு மணிக்குத் தியானம் பண்ணுகிறாள் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கொண்டுவந்தவர் வாசலில் நின்று, "கேமிங் லேப்டாப் டெலிவரிங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். இலவசமாக ஒரு மௌஸ் வேறு, டிராகன் படம் போட்டு.

அத்தை அந்த டிராகனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"டூசன் எடுக்கறதுக்கு ஆட்டமாடற பொட்டியா புள்ள?"

நான் கையெழுத்துப் போட்டு அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"என்ற பையன் சாம்பலக் கரச்ச ஈரம் காயல. உனக்கு ஆட்டம் கேக்குதா? ஊருக்குள்ள நாளைக்கு என்ன பேசுவாங்க? பேங்கு பேங்குன்னு போனது இதுக்குத்தானா? நாலெழுத்துப் படிச்ச புள்ள செய்யற காரியமா இது?"

அவர் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துவந்து உட்காரவைத்தேன். பழைய லேப்டாப்பைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொல்லவில்லை, கணக்குப் பாடம் மாதிரிச் சொன்னேன். அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதா அவன்?"

"ஆமாங்கத்தை."

"அந்தக் கட்டம் போட்ட சட்ட நான் தீவாளிக்கு எடுத்துக் குடுத்தது."

"அதப் பாத்துத்தான் வெச்சாரு."

திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். அப்புறம், "நடக்க வெய்யி, பாக்கலாம்" என்றார்.

வாய்க்கால் கரையில் நடக்கவைத்தேன். கோபுரத்தில் ஏறவைத்தேன். அத்தை நூறு படியும் பார்த்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நான் அறைக்குள் போனபோது, ஹாலிலிருந்து நாற்காலியை இழுத்துவந்து கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்துகொண்டார். "அம்மா சாமி கும்பிடறா, தட்டாத கண்ணு" என்று அவர் சொல்வது கேட்டது.

ஏப்ரல் 2, புதன்

சாப்பிடும்போது ஆதிரை கேட்டாள். "அப்பா ஏன் போன்ல பேசவே மாட்டேங்கறாரு? முன்னாடியெல்லாம் பேசிக்கிட்டேதான ஆடுவாரு?"

"அந்த ஃபேக்டரில போன் பேசக் கூடாதாம்."

"ஆனா கேம் ஆடலாமா?"

தயிர் எடுத்துவர எழுந்து போய்விட்டேன்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி இரவு ஏழரை மணிக்கு என் போனுக்கு அவரிடமிருந்து ஒரு அழைப்பு வந்தது. ஒரு நிமிடம் நாற்பது வினாடி. இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அதைப் பற்றி இன்றைக்கு எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

மதியம் இரண்டு மணி. ஆதிரை பள்ளியில் இருந்தாள். இருந்தும் உள்ளே போனேன். நீலச் சட்டையை எழுப்பி, எதுவும் செய்யாமல், வீட்டு வாசலில் நிற்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் அழுத்தாமல் விட்டால் அது தானாகவே தலையைத் திருப்பும், கால் மாற்றி நிற்கும். அதை யாரும் செய்யச் சொல்லவில்லை. அதுவாகச் செய்கிறது.

அக்கா போன் செய்தாள். "எத்தன நாளைக்குடி இது?"

"முழுப் பரீட்சை முடியட்டும்."

"அப்புறம் ஜூன்ல ஸ்கூல் தொறக்கட்டும்பே."

"வெச்சுடறேன்" என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

மதியம் ஒரு முறை உள்ளே போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கட்டிலில் படுக்கவைத்தேன். மூடினேன். மறுபடி திறந்து சரியாகப் படுத்திருக்கிறதா என்று பார்த்து மூடினேன்.

நான்கு மணிக்கு நாசர் வந்தார். தயாளனுக்குக் கீழே வேலை பார்த்தவர், என்னை அண்ணி என்பார். ஆதிரை மாடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் லேப்டாப்பை வாங்கிப் பட்டியலில் கையெழுத்து வாங்கினார். தோள்பையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது கிழிஞ்சுபோச்சுன்னு எழுதிக்கறேன் அண்ணி" என்று திருப்பிக் கொடுத்தார். பையில் கிழிசல் எதுவும் இல்லை.

இன்றைக்கு அப்பா வரமாட்டார், மீட்டிங் என்று ஆதிரையிடம் சொன்னேன். புதியதில் விளையாட்டை இறக்க ஒரு நாள் வேண்டுமே.

ஏப்ரல் 5, சனி

புதியது நன்றாகத்தான் ஓடுகிறது. தண்ணீர் ஓடுவதுகூடப் பழையதைவிடத் தெளிவு. ஆனால் அதற்கு அவரைத் தெரியவில்லை.

பாஸ்வேர்டு அவர் மேசை டிராயரில் இருந்தது, போட்டேன். மின்னஞ்சலுக்கு ஆறு எண் அனுப்பியிருக்கிறோம், அதை இடுங்கள் என்றது. எந்த மின்னஞ்சல் என்று பார்த்தால் கம்பெனி மின்னஞ்சல். மனுஷன் பால்காரருக்குக்கூட அந்த முகவரியைத்தான் கொடுப்பார். நான்கு வருஷத்துக்கு முன்னால் பதிவு செய்தபோது யோசித்திருக்கவே மாட்டார்.

நாசருக்குப் போன் செய்தேன். "அண்ணி... லேப்டாப் கைக்கு வந்ததும் ஐடிக்காரங்க மெயில க்ளோஸ் பண்ணிட்டாங்க. நேத்து சாயங்காலமே." ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். "என்ன மெயில் எதிர்பாக்கறீங்க? இன்சூரன்ஸ் விஷயமா?" என்றார். ஆமாம் என்றேன். "திங்கக்கிழமை கேட்டுப் பாக்கறேன் அண்ணி. ஆனா அழிச்சது அழிச்சதுதான்."

கதவில் காதை வைத்துத் தேர்ந்தெடுத்தேன். ரேம் பார்த்தேன், கார்டு பார்த்தேன், கீபோர்டு சத்தம் பார்த்தேன். இதைப் பார்க்கவில்லை.

இன்றைக்கும் மீட்டிங் என்றேன். ஆதிரை டேப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிவைத்தாள்.

வேறு வழி இல்லை. புதிதாக ஒரு பொம்மை உண்டாக்கினேன். அதே பெயர். அதே நீலக் கட்டம். கடைசியில் ஒரு புள்ளி சேர்க்க வேண்டியதாயிற்று, அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முடிந்துவிட்டது. நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆறு மணி. அத்தை நாற்காலியில். நான் உள்ளே. ஊர் வாசலில் போய் நின்றேன். புது ஆள் என்பதால், உள்ளே விட ஊர்க்காரர் சம்மதிக்க வேண்டும் என்று வந்தது. அது எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வி ஆதிரையின் டேப்புக்குப் போகும்.

என் திரையில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தது.

கை தவறி அழுத்தியிருப்பாள் என்று நினைத்தேன். மறுபடி கேட்டேன். மறுபடி மறுத்தாள். வாசலுக்கு வெளியே நின்று இரண்டு முறை குதித்தேன். அவளுடைய பொம்மை வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. பார்த்தது. அப்புறம் பின்னாலேயே நகர்ந்து, திரும்பி, வீட்டுக்குள் ஓடியது. நான் மூன்றாவது முறை கேட்டேன்.

வெளியே அத்தையின் குரல். "வேண்டாங் கண்ணு, அம்மா சாமி..." ஆதிரை கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

"அம்மா! அம்மா, கதவத் தொற! யாரோ அப்பா சட்டையப் போட்டுட்டு அப்பா மாதிரியே வந்திருக்காங்க. திருடனா இருக்கும். அப்பா வீட்டுக்குள்ள தூங்கிக்கிட்டிருக்காரு, நான் எழுப்பறேன், எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. போன் பண்ணி அப்பாவ எந்திரிக்கச் சொல்லு!"

லேப்டாப்பை மூடியிருக்கலாம். ஒரு விநாடிதான் ஆகும். மூடவில்லை. ஏன் என்று தெரியவில்லை. போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன்.

அவள் கண் நேராகக் கட்டிலுக்குத்தான் போனது. அங்கே திரையில் ஊர் வாசல், நீலச் சட்டை, காத்துக்கொண்டு.

"நீயா?"

"நான்தான் கண்ணு."

"எப்ப இருந்து?"

"உனக்கு அம்மை போட்டிருந்தப்ப இருந்து."

கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள். அதில் அவர் கட்டிலில் படுத்திருந்தார்.

"அப்ப அப்பா?"

பக்குவமாகச் சொல்வதற்கு இரண்டு மாதமாக எத்தனையோ வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். சாமியிடம் போய்விட்டார், நட்சத்திரமாகிவிட்டார். ஒன்றும் வரவில்லை. "அப்பா செத்துப்போயிட்டாரு" என்றேன். "புனேல. தூங்கும்போதே." அந்தச் சொல்லை நான் அதுவரை வாயால் சொன்னதே இல்லை என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அத்தை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆதிரை அழவில்லை. "எனக்கு அம்மை வந்ததாலயா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ஆத்தாவுக்குக் கோவம் வந்துதா?"

"இல்லடா. உன்னால இல்ல. யாராலயும் இல்ல."

உன்னால் இல்லை என்பது உண்மை. அடுத்ததை இங்கே எழுதிவிடுகிறேன். அன்று ஏழரை மணிக்கு அவர், "நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது வினோ" என்றார். நான் இவளுக்கு வேப்பிலை தடவிக்கொண்டிருந்தேன், போன் தோளில் இடுக்கி. "கேன்டீன் சாப்பாடு, கேஸா இருக்கும். சீரகத் தண்ணி குடிச்சுட்டுப் படுங்க, இங்க புள்ள அழறா" என்றேன். சரி என்றார். ஒரு நிமிடம் நாற்பது வினாடி.

"எல்லாரும் அப்பாவப் பாத்தாங்களா?" என்று ஆதிரை கேட்டாள்.

"பாத்தாங்க."

"அப்பத்தா?"

"பாத்தாங்க."

"நான் மட்டும் பாக்கல."

டேப்பைத் தரையில் வைத்துவிட்டு, ஹாலுக்குப் போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 7, திங்கள்

பள்ளிக்கு அனுப்பவில்லை. என்னிடம் பேசவில்லை. பொட்டு வைக்கவில்லை, அவள் கேட்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொன்னாள், வாயில் நுரையோடு. "போட்டோ இருக்கா?"

"என்ன போட்டோ?"

"அப்பா செத்தது."

இருக்கிறது. வீடியோவாகவே இருக்கிறது. அவருடைய சித்தப்பா மகன், துபாயிலிருந்து வர முடியாத தன் அக்காவுக்காக எடுத்தது. எனக்கும் அனுப்பியிருந்தான். நான் திறந்ததில்லை. அக்காவிடம் போனில் கேட்டேன். "பைத்தியமாடி உனக்கு? ஏழு வயசுப் புள்ள பயந்துக்கும்" என்று கத்தினாள். அத்தையும் அதைத்தான் சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"காட்டு" என்றார் அத்தை. "அன்னிக்கு வேண்டாம்னதும் நாந்தான். காட்டு."

போனில் சின்னதாகத் தெரியும் என்று புது லேப்டாப்பில் போட்டேன். ஹாலில், கதவெல்லாம் திறந்திருக்க, தரையில் உட்கார்ந்தோம். நடுவில் ஆதிரை. வலது பக்கம் நான், இடது பக்கம் அத்தை. அலமாரிக்குள் இருந்த அவர் படத்தை அத்தை முன்னாலேயே எடுத்துவந்து டிவி பக்கத்தில் வைத்திருந்தார்.

பதினோரு நிமிடம். பந்தல், நாற்காலிகள், பறை. கூட்டம் விலக, பெஞ்சில் அவர். தாடைக்குக் கட்டு. தலைமாட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் தோள்பை.

"நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். "பெருசாக்கு." பெரிதாக்கினேன். நல்ல திரைதான். புருவத்தின் ஒவ்வொரு முடியும் தெரிந்தது.

"மூக்குல எதுக்குப் பஞ்சு?"

நான் வாய் திறப்பதற்குள் அத்தை சொன்னார். "செத்தவங்க எல்லாருக்கும் வெப்பாங்க கண்ணு."

"அப்பாவுக்கு மூக்குல ஏதாச்சும் பட்டாலே தும்மல் வருமே. நான் தூங்கறப்ப ஜடைய வெச்சு விடுவேன், உடனே தும்முவாரு."

அத்தை அவள் ஜடையை எடுத்து முதுகுப் பக்கம் போட்டார்.

"ஓடவிடு" என்றாள்.

ஓடவிட்டேன். குளிப்பாட்டத் தூக்கினார்கள், மாலை போட்டார்கள், யார் யாரோ மேலே விழுந்து அழுதார்கள். ஆதிரை வேறு எதையும் பார்க்கவில்லை. திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்து, கண் கொட்டாமல், அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் மறைத்தபோது தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தாள். தூக்கிக்கொண்டு போனார்கள். தெரு வெறுமையாகி, படம் நின்றது.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"தும்மவே இல்லம்மா" என்றாள்.